கெஃபலோனியா: இல்லாத ஊரைத் தேடிப் போன கதை

கொஞ்சம் நீளமான பதிவு மக்களே, காபி கையில இருந்தா நல்லது.

'கேப்டன் கொரெல்லிஸ் மாண்டலின்' படம் எங்க வீட்டில் எத்தனை தடவை ஓடியிருக்குன்னு கணக்கே கிடையாது. 2001-ல் வந்த படம். நிக்கோலஸ் கேஜ் மாண்டலின் வாசிப்பார், பெனிலோப் க்ரூஸ் மயங்குவார். நடுவில் ஒரு துப்பாக்கிச் சூட்டுக் காட்சி வரும். பொண்ணு பக்கத்துல இருந்தா உடனே ரிமோட்டைத் தேடி அதை ஓட்டிவிட்டுடுவோம்.

அந்தப் படத்தை எடுத்த தீவுதான் கெஃபலோனியா, கிரேக்கத்துக்கு மேற்கே அயோனியன் கடலில் இருக்கு. போன செப்டம்பரில் ஒரு வாரத்துக்குப் பாய்மரப் படகு வாடகைக்கு எடுத்து, தீவைச் சுற்றிக்கொண்டே படம் எடுத்த இடங்களைப் பார்ப்பதாகத் திட்டம். தங்கமணி பட்டியலே போட்டு வெச்சிருந்தாங்க. படகை ஓட்டினவர் உள்ளூர்க்காரர், எழுபதைத் தாண்டினவர். பொண்ணு முதல் நாளே அவருக்கு 'கேப்டன் தாத்தா'ன்னு பேர் வெச்சுட்டா.

கிளம்பினது சாமி துறைமுகத்தில். படத்தில் வரும் அழகான பழைய ஊர் இங்கேதான் படமாச்சு. இறங்கித் தேடினோம். ஓட்டல் இருக்கு, நாற்காலி இருக்கு, பூனை இருக்கு. ஊரைக் காணோம்! கேப்டன் தாத்தா சிரிச்சுக்கிட்டே விளக்கினார். அது செட்டாம். தலைநகர் ஆர்கோஸ்டோலி போர்க்காலத்தில் எப்படி இருந்ததோ, அதே மாதிரி இங்கே கட்டி, படம் முடிஞ்சதும் பிரிச்சுட்டாங்க.

"நிஜ ஆர்கோஸ்டோலியிலேயே எடுத்திருக்கலாமே?" என்று கேட்டேன். "அந்த ஊரும் இல்லை" என்றார்.

1953 ஆகஸ்ட் 12. 7-க்கு மேல் ரிக்டர் அளவில் ஒரு நிலநடுக்கம். அதற்கு முந்தைய நாட்களிலேயே தரை ஆடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்துக் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டம். நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். தீவின் கரை சில இடங்களில் 60 சென்டிமீட்டர் வரை கடலிலிருந்து மேலே எழும்பிவிட்டது. வீடு இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போய்விட்டார்கள். "எங்க வீட்டில் எந்தக் கதை சொன்னாலும், நிலநடுக்கத்துக்கு முன்னாடியா பின்னாடியான்னுதான் ஆரம்பிப்பாங்க" என்றார் தாத்தா.

மறுநாள் பக்கத்திலேயே அன்டிசாமோஸ் கடற்கரை. வெள்ளைக் கூழாங்கல், பச்சை மலை. படத்தில் இத்தாலிய ராணுவ முகாம் இங்கேதான். தங்கமணி முப்பது போட்டோ எடுத்தாங்க. அப்புறம் வலப்பக்கம் இதாகாவைப் பார்த்துக்கொண்டே வடக்கே ஃபிஸ்கார்டோ. நிலநடுக்கத்தில் பெரிய சேதமில்லாமல் தப்பித்த ஊர் இது. பழைய கெஃபலோனியா எப்படி இருந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் இங்கேதான் வரணும். மதியத்துக்கு மேல் வடமேற்குக் காத்து கிளம்பினால் படகு ஒரு பக்கமாகச் சாயும். அப்போ என் முகத்தைப் பார்த்துப் பொண்ணு சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது தனிக்கதை :-)

அஸோஸ் வழியாக மேற்குக் கரையைச் சுற்றி ஆர்கோஸ்டோலி வந்தோம். பட்டியலில் அங்கே ஒண்ணும் இல்லை. தூண்கள் நிற்கும் வட்டமான கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கு. அதுவும் நிலநடுக்கத்தில் விழுந்து திரும்பக் கட்டினதுதான். அதற்கு மேலே ஒரு நினைவுச்சின்னம் இருப்பதாகச் சொல்லித் தாத்தாதான் அனுப்பி வெச்சார்.

அது இத்தாலியின் அக்கி டிவிஷன் வீரர்களுக்கானது. விஷயம் இதுதான். 1941-லிருந்து இத்தாலிய ராணுவம் தீவை ஆக்கிரமித்திருந்தது. 1943 செப்டம்பர் 8-ல் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்ததாக அறிவித்தது. நேற்று வரை கூட்டாளியாக இருந்த ஜெர்மானியர்கள், ஆயுதத்தைக் கீழே போடு என்றார்கள். தளபதி கான்டின் ஒரு விசித்திரமான காரியம் செய்தார். ஜெர்மானியரோடு சேரணுமா, சண்டை போடணுமா, ஆயுதத்தை ஒப்படைக்கணுமா என்று தன் படைவீரர்களிடமே கேட்டார். பெரும்பான்மை சண்டை என்றது. ராணுவத்தில் ஓட்டெடுப்பு எங்காவது கேள்விப்பட்டிருக்கீங்களா?

செப்டம்பர் 15-லிருந்து 22 வரை சண்டை. ஜெர்மன் விமானங்கள் குண்டு போட, இத்தாலியர்களிடம் விமானமே இல்லை. சரணடைந்தார்கள். அதற்கப்புறம்தான் கொலை. கைதி யாரும் வேண்டாம் என்பது ஹிட்லரின் உத்தரவு. ஆயுதமில்லாதவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். 24-ம் தேதி கான்டினையும். இறந்தவர்கள் 5,000 பேர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அவ்வளவு இல்லை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். மிஞ்சியவர்களை ஏற்றிப்போன கப்பல்கள் மூழ்கி மேலும் பலர் செத்தார்கள்.

பொண்ணு கேட்டா: "கையத் தூக்கினவங்களை ஏன்ப்பா சுட்டாங்க?"

"இத்தாலி ஜெர்மனி மேல போரை அறிவிச்சதே அக்டோபர் 13-லதான்மா. அதனால இவங்க எதிரி நாட்டு வீரங்க இல்ல, துரோகிங்கன்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கு?"

என்கிட்ட பதில் இல்லை. நியூரம்பர்க்கில் இருந்ததா என்றால் அதுவும் சந்தேகம்தான். ஜெர்மன் தளபதி ஹூபர்ட் லான்ட்ஸுக்கு 1948-ல் 12 வருஷம் தண்டனை. 1951-லேயே வெளியே வந்துவிட்டார்.

நிஜத்திலும் ஒரு பீரங்கிப்படை கேப்டன் இருந்தார், அமோஸ் பாம்பலோனி. கழுத்தில் சுட்டும் பிழைத்து, கிரேக்க கெரில்லாக்களோடு சேர்ந்து போராடினார். கொரெல்லியின் மூலம் இவர்தான் என்று பலர் சொன்னாலும் நாவலாசிரியர் லூயி டி பெர்னியர் மறுத்துவிட்டார். பாம்பலோனிக்கும் அந்த நாவல் பிடிக்கவில்லை. தன் உயிரோடு விளையாடிய நாட்களை இன்னொருத்தர் காதல் கதையாக்கினால் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆனாலும் ஒன்று சொல்லணும். அந்தக் காதல் கதை இல்லாவிட்டால் நாங்கள் இந்தத் தீவுக்கு வந்திருக்க மாட்டோம், அக்கி டிவிஷன் என்ற பெயரே தெரிந்திருக்காது. இதில் படத்தைத் திட்டுவதா, நன்றி சொல்வதா?

ஊருக்கு வந்து போன வாரம் மறுபடி படத்தைப் போட்டோம். அந்தக் காட்சி வந்தது. ரிமோட் தங்கமணி பக்கத்துலதான் கிடந்தது. யாரும் எடுக்கலை.

டிஸ்கி: படகுப் பயணம் போறவங்க வாந்தி மாத்திரையை மறக்காதீங்க. அனுபவஸ்தன் சொல்றேன்.