பழந்தீவுகள் பன்னீராயிரம்

நம் சங்க அன்பர்களுள் பலர் வலியசாலை வழியே நாள்தோறும் சென்று வருகின்றனர். அது வெறும் தெருப்பெயர் அன்று. தமிழக வரலாற்றில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இடம் பெற்ற பெயர் என்பதை நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்? கி.பி. 985-ல் அரியணை ஏறிய முதலாம் இராஜராஜ சோழனின் கல்வெட்டுகள், அவன் செயல்களுள் முதலாவதாகப் போற்றுவது காந்தளூர்ச் சாலையில் நிகழ்ந்ததையே. அக்காந்தளூர்ச் சாலை நம் வலியசாலையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அங்கு அவன் 'கலமறுத்தான்' என்பதற்குக் கப்பல்களை அழித்தான் என்று சிலரும், சாலையில் நடைபெற்ற உணவு ஏற்பாட்டை வரையறுத்தான் என்று சிலரும் பொருள் கூறுவர்.

அம்மன்னனின் இறுதிக் காலக் கல்வெட்டுகளில் வெற்றிகளின் வரிசை நிறைவுறுவது நடுக்கடலில் உள்ள பழந்தீவுகள் பன்னீராயிரத்தில். அவன் மகன் இராஜேந்திரனின் கல்வெட்டுகளிலும் பழந்தீவுகள் இடம் பெறுகின்றன. இன்று நாம் மாலத்தீவுகள் என வழங்கும் தீவுக்கூட்டமே அது என்பர் அறிஞர். உண்மையில் அங்குள்ள தீவுகள் ஏறத்தாழ 1,200. மக்கள் குடியிருப்பவை அவற்றுள் 200 அளவே. எனினும் கலத்தில் நின்று அடிவானம் வரை தீவும் திட்டுமாகக் கண்டவனுக்குப் பன்னீராயிரம் என்று தோன்றியதில் வியப்பில்லை.

அத்தீவுகளின் தலைநகரான மாலே நம் திருவனந்தபுரத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சென்னையைக் காட்டிலும் மாலே நமக்கு மிகத் தொலைவானது அன்று. ஆயினும், செல்வர்கள் உல்லாசப் படகில் பவளப் பாறை காணச் செல்லும் இடம் என்பதற்கு மேல் அத்தீவுகளைப் பற்றி நாம் அறிந்தது சிறிதே.

பண்டைக்காலத்தில் அங்குச் சென்றோர் உல்லாசத்திற்காகச் சென்றவர் அல்லர். சோழியும் கயிறும் மீனுமே அவர்களை ஈர்த்தன. மாலத்தீவுச் சோழி வங்கநாட்டில் நாணயமாகப் புழங்கியது. ஆணியின்றிப் பலகைகளைத் தைத்துக் கட்டிய மரக்கலங்களுக்கு அத்தீவுகளின் தென்னங்கயிறு உதவியது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துத் தாய்மார் சம்பலுக்கு இடிக்கும் மாசி, அங்குப் பக்குவம் செய்யப்பட்ட சூரை மீனே. அவர்கள் மொழியில் 'மஸ்' என்றால் மீன். தூத்துக்குடித் தோணிகள் நம் காலத்திலும் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏற்றி அங்குச் சென்று வந்திருக்கின்றன. அவர்களும் தம் மரக்கலத்தைத் 'தோனி' என்றே அழைக்கின்றனர்.

1343-ல் கள்ளிக்கோட்டையிலிருந்து புறப்பட்டு அங்குச் சென்ற இபின் பதூதா, நீதிபதியாகவும் பணியாற்றினார். பின்னர் இலங்கை வழியாக மதுரைக்கு வந்தார். 1602-ல் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று அங்குள்ள பாரில் மோதிச் சிதைந்தது. அதில் வந்த பிரான்சுவா பிரார்டு என்பார் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அங்கேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் 'பார்' என்ற சொல்லைக் கேட்டாலே மாலுமிகள் நடுங்குவர். இன்றோ அதே பாரைக் கண்குளிரக் காண்பதற்கென்றே கடல் கடந்து வருகின்றனர்!

அப்பார் எவ்வாறு உண்டாயிற்று? பவளம் கல்லன்று, மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து கட்டிய வீடு. தாழ்ந்து செல்லும் எரிமலைத் தீவைச் சுற்றி அவை மேன்மேலும் வளர்ந்ததால் வளையம் போன்ற தீவுகள் தோன்றின என்று 1842-ல் சார்லஸ் டார்வின் விளக்கினார். அவ்வளையத்தைக் குறிக்க உலகம் வழங்கும் 'அட்டோல்' என்னும் சொல்லே மாலத்தீவு மொழியிலிருந்து சென்றதுதான்.

1887 முதல் ஆங்கிலேயரின் பாதுகாப்பில் இருந்த அந்நாடு 1965-ல் முழு விடுதலை பெற்றது. 1972-ல் முதல் உல்லாச விடுதி தொடங்கப்பட்டது. அதன் பெயர் 'குரும்பா'. அவர்கள் மொழியில் அது இளநீர்க் காயைக் குறிக்கும். தென்னம்பிஞ்சைக் குரும்பை என்னும் நமக்கு அப்பெயர் அயலாகத் தோன்றுமோ? ஆளில்லாத தீவு ஒன்றுக்கு ஒரு விடுதி என்ற முறையில் விடுதிகள் பெருகின. மீன்பிடித் தோனியின் வழியில் அறைகளும் மெத்தைகளும் கொண்ட 'சபாரி'ப் படகுகள் பிறந்தன. அவை தீவுக்குத் தீவு சென்று, பயணிகளை நீரில் மூழ்கிப் பவளத்தைக் காணச் செய்கின்றன. நம் நாட்டிற்குரிய இலட்சத்தீவுகளுக்கும் கொச்சியிலிருந்து கப்பலில் சுற்றுலா செல்வோர் உண்டு. அவற்றுள் தென்கோடியில் உள்ள மினிக்காயில் பேசப்படுவது மாலத்தீவு மொழியின் ஒரு வகையே.

ஆனால் 1998-ல் கடல் அளவுக்கு மீறிச் சூடேறியது. பவள உயிர்களுக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசிகள் நீங்கவே, பவளம் வெளுத்தது. ஆழம் குறைந்த இடங்களில் அதன் பெரும்பகுதி மடிந்தது. 2016-ல் மீண்டும் அவ்வாறு நேர்ந்தது. அலையைத் தடுப்பது பாரே. தீவுக்கு மணல் தருவதும் பாரே. கடல்மட்டத்திற்கு மேல் இரண்டரை மீட்டர் உயரமும் இல்லாத நிலத்தில் வாழ்வோருக்குப் பார் அழிவது வீட்டுச் சுவர் இடிவதை ஒக்கும்.

இவற்றை எல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு முதியவர். மாலத்தீவினர் மருத்துவத்திற்காக நம் நகருக்கு வருவது பல்லாண்டு வழக்கம். அவ்வாறு வந்த அவர், தம் மனைவியின் கண் சிகிச்சைக்காக மதுரை செல்ல இரண்டு பயணச்சீட்டு வேண்டி என் சாளரத்தின் முன் நின்றார். நல்ல மலையாளம் பேசினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் சபாரிப் படகில் பணியாற்றியவராம். கூட்டம் குறைந்திருந்தமையால், "பவளம் அத்தனை அழகா?" என்று வினவினேன். "முன்பு படகை எங்கே நிறுத்தினாலும் விருந்தினருக்குக் காட்டினோம். இப்போது எங்கே மிச்சம் இருக்கிறது என்று தேடிப் போய்க் காட்டுகிறோம்" என்றார். "அப்படகில் தாங்கள் பயணியாகச் சென்றதுண்டா?" என்றேன். அவர் சிரித்தார். இரயிலில் முதல் வகுப்பில் சென்றதுண்டா என்று என்னிடம் அவர் திருப்பிக் கேட்கவில்லை.

ஒரு மன்னன் நம் வலியசாலையையும் அவர் தீவுகளையும் ஒரே கல்வெட்டில் எழுதுவித்தான். அப்பழம்பெருமையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அத்தீவுகளில் இன்றும் மக்கள் வாழ்கின்றனர் என்பதையும், அவர்கள் நோயுற்றால் நம் ஊருக்கு வருகின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்லுவோமாக.