பந்தியும் பாத்திரமும்

திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் பூந்தமல்லி. அவர் வைசிய குலத்தவர் என்றும், மலர் தொடுத்தும் ஆலவட்டம் வீசியும் காஞ்சி வரதருக்குத் தொண்டு புரிந்தவர் என்றும் வைணவ மரபு கூறும். இராமாநுசர் அவரைத் தம் ஆசானாக மதித்தார். அவர் உண்ட மிச்சத்தைத் தாம் உண்ண வேண்டுமென விரும்பி, அவரை விருந்துக்கு அழைத்தார். நம்பிகளோ இராமாநுசர் இல்லத்தில் இல்லாத வேளையில் வந்து உண்டு சென்றுவிட்டார். இராமாநுசரின் மனைவியார் தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்குப் புதிதாகச் சமைத்து வைத்தார். திரும்பி வந்த இராமாநுசர் மனம் நொந்தார் என்பது கதை. அம்மையார் தீங்கு எதுவும் நினைக்கவில்லை. ஒரு நல்ல இல்லத்தரசியிடம் ஊர் எதை எதிர்பார்த்ததோ, அதையே அவர் பிசகாமல் செய்தார்.

இவ்வூர்க் கதையைக் கேட்கும் கிறிஸ்தவனுக்கு அந்தியோகியா நினைவிற்கு வராமற் போகாது. கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில், புறஜாதியாருடன் உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பின்வாங்கி விலகுகிறார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்து நிற்கிறார். பேதுருவின் விசுவாச அறிக்கையில் ஓர் எழுத்தும் மாறவில்லை; மாறியது அவர் உட்கார்ந்திருந்த இடமே. தமிழ்நாட்டுச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றிலும் சோதனை இந்த இடத்திலேதான் வந்தது. விக்கிரகத்தை விட்டவர்கள் பலர். பந்தியில் இடம் மாறி அமர்ந்தவர்கள் சிலரே.

சீகன்பால்கும் புளுட்சோவும் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். 1718-இல் கட்டி முடிக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிக்கேற்பத் தனித்தனியே அமரும் வழக்கம் நிலைத்தது. 1733-இல் வேளாளராகிய ஆரோன் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். அடுத்த குருவைத் தேர்ந்தபோது இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். உரோமச் சபையில் வளர்ந்து, தமிழ்ச் சுவிசேஷத்தை வாசித்து மனந்திரும்பியவர். தஞ்சை நாட்டில் எதிர்ப்புக்கு நடுவே ஊழியஞ்செய்த உபதேசியார். அவருடைய பக்தியையும் திறமையையும் எவரும் ஐயுறவில்லை. ஆனால் அவர் பறையர் குலத்தவர். அவர் கையிலிருந்து திருவிருந்தைப் பெற மேற்குலத்துக் கிறிஸ்தவர் கூசுவர், அதனால் திருவிருந்திற்கே மதிப்புக் குறையும் என மிஷனெரிமார் கருதினர். 1741-இல் தியோகு என்பவர் அபிஷேகம் பெற்றார். இராஜநாயக்கன் 1771-இல் உபதேசியாராகவே மரித்தார். திருவிருந்தின் மதிப்பைக் காக்கவே இவ்வாறு செய்தோம் என்று பக்தியுள்ள மனிதர் மனச்சாட்சியோடு எழுதியிருப்பதே இதில் நம்மைத் திகைக்கவைப்பது.

பூந்தமல்லியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் வேப்பேரி. அவ்வழியாகச் செல்லும் பழைய பூந்தமல்லி நெடுஞ்சாலை இன்று பெரியார் ஈ.வெ.ரா. பெயரைத் தாங்கியுள்ளது, அவருடைய நினைவிடமும் வேப்பேரியிலேயே உள்ளது. நம் சபையார் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. 1749-இல் வேப்பேரி ஆலயம் பப்ரிசியுஸ் ஐயரின் வசம் வந்தது முதல், அது சென்னைத் தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் நடு இடமாயிற்று. அங்கும் மேற்குலத்தார் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம். திருவிருந்திலும் முன்னவர் பாத்திரத்தில் பருகிய பின்னரே மற்றவர் பருகினர்.

1833-ஆம் ஆண்டு ஜூலை மாதம் கல்கத்தா அத்தியட்சர் டானியேல் வில்சன் தென்னிந்தியச் சபைகளுக்கு ஒரு சுற்றுமடல் விடுத்தார். சாதி வேறுபாடு சபைக்குள் உடனடியாகவும் முற்றாகவும் ஒழிய வேண்டும்; ஆலயத்தில் அமர்வதிலும் திருவிருந்துக்கு வருவதிலும் எவ்வித வேற்றுமையும் கூடாது என்பது கட்டளை. செல்வம், பதவி முதலிய உலகியல் தரவேறுபாடுகளை அவர் தொடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மடல் வாசிக்கப்பட்டதும் வேப்பேரியில் மேற்குலத்தார் பெருந்தொகையாக விலகினர். தஞ்சையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 1835-இன் தொடக்கத்தில் அத்தியட்சர் தாமே தஞ்சைக்கு வந்து பேசினார். சிலர் திரும்பினர்.

விலகியோரை எளிதில் பழித்துவிடலாகாது. சுவார்ட்ஸ் ஐயரின் மாணாக்கரும் சரபோஜி மன்னரின் அவைப் புலவருமான வேதநாயக சாஸ்திரியார் 1829-லேயே இம்முயற்சியை எதிர்த்து எழுதினார். புதிய மிஷனெரிமார் திருமறை மொழிபெயர்ப்பை மாற்றுகின்றனர், சாதிகளைக் கட்டாயமாகக் கலக்கின்றனர், திருநாட்களில் பூக்களை விலக்குகின்றனர், தமிழ்க் கீர்த்தனைகளை அகற்றுகின்றனர் என்ற நான்கு முறையீடுகளை அவர் ஒரே மூச்சில் வைத்தார். பூவையும் பாட்டையும் பொறுத்தவரை அவர் பக்கம் நியாயம் இருந்தது. இன்று அவருடைய கீர்த்தனைகளின்றித் தமிழாராதனை உண்டோ? தமிழருடைய பண்பாட்டைப் பறிப்பதும் சாதியை ஒழிப்பதும் ஒன்றென மிஷனெரிமாரும் மயங்கினர், சாஸ்திரியாரும் மயங்கினார். மேலும், தமக்கெனத் தனி ஆலயமும் தனி ஆராதனையும் வைத்திருந்த ஆங்கிலேயர் சமபந்தி போதித்தபோது, அது அன்பின் அழைப்பாக அல்ல, ஆள்வோர் ஆணையாகவே பலர் செவியில் விழுந்திருக்கும். ஆயினும், இந்த நியாயங்கள் எவையும் பின்வரிசையில் அமர்த்தப்பட்டவனுக்கு விடையாகா. அவனை எவரும் கேட்கவில்லை. அவன் எழுதிய முறையீடும் நம் கைக்கு வரவில்லை.

1847-இல் அமெரிக்க மதுரை மிஷன், தன் ஊழியர் சாதியைத் துறந்ததற்கு அடையாளமாக அன்பின் விருந்தில் ஒன்றாய் உண்ண வேண்டுமென்றது. மறுத்த பலர் வேலையிழந்தனர். 1850-இல் சென்னை மிஷனெரி மாநாடு இதே வழியைத் தழுவியது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும், சாதி பொறுமையான போதனையாலே கரைய வேண்டியதென்று விலகி நின்றது. மற்றச் சபைகளில் சமபந்திக்கு இணங்காத பலர் அங்கே போய்ச் சேர்ந்தனர். லுத்தரன் வாதத்தில் ஆழமுண்டு என நான் கருதுகிறேன்; எனினும் அதன் பயனை அனுபவித்தவர்கள் பொறுமையை நாடி அங்கே போனவர்கள் அல்லர்.

ஒரே வரிசையில் அமர்வதும் ஒரே பாத்திரத்தில் பருகுவதும் இன்று நமக்கு எளிதாகிவிட்டன. சோதனை மணப்பந்திக்கு இடம்பெயர்ந்துள்ளது. ஓலை வாசித்து, தடையுண்டா என்று மூன்று ஞாயிறு கேட்கிறோம். ஆலயத்தில் எவரும் எழுவதில்லை. தடை சொல்பவர்கள் திங்கட்கிழமை போதகர் வீட்டிற்கு வருகிறார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு தடை சொல்லப்பட்ட ஒரு திருமணத்தை நான் நடத்திவைத்தேன். இருவரும் விசுவாசிகள், சாதி வேறு. ஆராதனைக்கு வந்த மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஆசீர்வாதம் முடிந்ததும் ஒவ்வொருவராய்ப் புறப்பட்டுப் போயினர். விருந்துக் கூடத்தில் பாதி இலைகள் ஆளின்றிக் கிடந்தன. மணமகனின் பாட்டியார் மட்டும் தடியூன்றி வந்து, பெண்வீட்டார் வரிசையின் நடுவே ஓரிலை முன் அமர்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, "எனக்குச் சோறு போடுங்கப்பா" என்றார்.