வந்த வழி: ஐதராபாத் சேகரங்களில் ஏடும் அருங்கலைப் பொருளும்

ஐதராபாத் சாலார்ஜங் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் தவறாமல் நின்று பார்ப்பவற்றுள் 'முக்காடிட்ட ரெபெக்கா' என்னும் பளிங்குச் சிலையும் ஒன்று. செய்தவர் இத்தாலியச் சிற்பி ஜொவான்னி மரியா பென்சோனி, வாங்கியவர் ஐதராபாத் நிஜாமின் திவான் முதலாம் சாலார்ஜங், வாங்கிய இடம் ரோம், ஆண்டு 1876. செய்தவர் யார், வாங்கியவர் யார், எங்கே, எப்போது என்ற இதே நான்கு கேள்விகளைத் வெள்ளி பதித்த கறுப்பு உலோக வேலையான தக்காணத்துப் பிதரிக் கலம் ஒன்றைப் பார்த்துக் கேட்டால், பெரும்பாலும் ஊகமே விடையாக வரும்.

நம்மிடம் பதிவு செய்யும் வழக்கம் இல்லாததே இதற்குக் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் அது தவறு. அந்த வழக்கம் இங்கே ஏடுகளில் செழித்திருந்தது. கலைப்பொருள் சந்தை வழியாகக் கைமாறியபோதுதான் அது அறுந்தது. ஆகவே ஒரு சேகரிப்பாளரைப் பொருள்களின் எண்ணிக்கையாலும் அழகாலும் மட்டும் அளப்பது போதாது. பொருள் வந்த வழியை அவர் எவ்வளவு காத்துக் கொடுத்தார் என்பதே முதல் அளவுகோலாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதல் ஏட்டுச் சாட்சி

முகலாயர் நூலகத்தில் இருந்த ஏடு ஒன்றைத் திறந்தால், நூலுக்கு முன்னுள்ள வெற்றுத் தாளிலேயே ஒரு வரலாறு தொடங்கிவிடும். நூலகப் பொறுப்பாளரின் முத்திரை, பொறுப்பு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாறிய நாள், தரம், மதிப்பு எல்லாம் அங்கே அடுத்தடுத்து நிற்கும். 'அர்ஸ்தீதா' என்ற பாரசீகச் சொல்லும் அங்கே அடிக்கடி வரும். ஏடு தணிக்கைக்கு வைக்கப்பட்டுப் பார்க்கப்பட்டது என்பதற்கான குறிப்பு அது. 1628-இல் அரியணை ஏறிய ஷாஜகான், அந்நாளில் தம் நூலகத்தில் சேர்ந்த ஏடுகளில் அவை சேர்ந்ததைத் தம் கைப்படவே குறித்து வைத்தார். பின்னர் வந்த உடைமையாளர் சிலர் முன்னவர் முத்திரையைச் சுரண்டியதும் உண்டு. ஆய்வாளருக்கு அந்தச் சுரண்டலும் ஒரு சான்றே. கைமாறியதை மறைக்க ஒருவர் விரும்பினார் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

சாலார்ஜங் சேகரத்தின் புகழ்பெற்ற குர்ஆன் ஏட்டை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது 1298-இல் மறைந்த பாக்தாத் எழுத்துக்கலைஞர் யாகூத் அல்முஸ்தஅஸிமியின் கைவண்ணம் எனப்படுகிறது. ஜஹாங்கீர், ஷாஜகான், ஔரங்கசீப் ஆகிய மூவரின் கையொப்பங்களும் அதில் உள்ளன என்று அருங்காட்சியகம் கூறுகிறது. யாகூத்தின் பெயரோ பிற்காலத்தார் பலர் போலச்செய்த பெயர். அவர் எழுத்தை மட்டுமன்றிக் கையொப்பத்தையும் அப்படியே படியெடுத்தவர்கள் உண்டு. எனவே 'எழுதியவர் யார்' என்ற கேள்வியில் ஐயத்துக்கு எப்போதும் இடமிருக்கும். 'பதினேழாம் நூற்றாண்டில் யார் கையில் இருந்தது' என்பதற்கு முத்திரைகளும் குறிப்புகளும் ஒன்றையொன்று தாங்கி நின்று விடை சொல்லும். ஒரு கையொப்பத்தைவிடக் கைமாறிய தொடர் வலிய சான்று.

தமிழ்ச் சுவடி மரபும் இதையே செய்தது. சுவடியின் கடைசி ஏட்டில் ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை, எழுதி முடித்தவர் பெயர், யாருக்காக எழுதினார் என்பது வரை குறிப்பது வழக்கம். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்பு முகவுரைகளில், எந்த ஊரில் யாரிடமிருந்து எந்தப் பிரதி கிடைத்தது என்று பட்டியலிட்டார். அதை வெறும் நன்றியுரையாகப் படித்துவிட்டுக் கடந்துவிடக் கூடாது. பாடத்தின் நம்பகத்தைச் சோதிக்க அடுத்த ஆய்வாளருக்கு அவர் கொடுத்த திறவுகோல் அது.

பேசும் பச்சைக்கல்லும் பேசாத பிதரியும்

சாலார்ஜங்கின் பச்சைக்கல் (ஜேட்) பொருள்களுள் வில்லாளி பெருவிரலில் அணியும் மோதிரம் ஒன்று உண்டு. 'இரண்டாம் சாஹிப் கிரான்' (நற்கோள் சேர்க்கையின் தலைவர்) என்ற பொறிப்பு அதில் இருக்கிறது. முதலாமவர் தைமூர், இரண்டாமவர் என்று தம்மை அழைத்துக்கொண்டவர் ஷாஜகான். பட்டத்தைக் கொண்டே உடைமையாளரை அறியலாம். அதே சேகரத்தில் குர்ஆன் வைத்து ஓதும் பச்சைக்கல் தாங்கி ஒன்றும் உள்ளது. அதில் பொறித்திருப்பது டில்லி சுல்தான் இல்துத்மிஷின் பெயர் என்பர். அவர் பதிமூன்றாம் நூற்றாண்டினர். இந்தியாவில் பச்சைக்கல் செதுக்கு வேலை தழைத்ததோ சுமார் நானூறு ஆண்டுகள் கழித்து, முகலாயர் காலத்தில். இடைப்பட்ட காலத்துக்கு வேறு சான்று கிடைக்காத வரை, அந்தப் பெயரை முடிவாகக் கொள்ளாமல் விசாரணையின் தொடக்கமாகக் கொள்வதே முறை. கல்லில் வெட்டியிருந்தாலும் எழுத்து தனியாக நின்றால் போதாது.

பிதரியில் பெரும்பாலும் பெயரே இராது. அதன் வரலாற்றை மேற்பரப்பில்தான் படிக்க வேண்டும். துத்தநாகத்தில் சிறிதளவு செம்பு கலந்து வார்க்கிறார்கள். வார்த்த கலத்தை மயில்துத்தக் கரைசலால் தற்காலிகமாகக் கறுப்பாக்கினால், அதன்மேல் கீறும் கோலம் வெள்ளையாகத் தெரியும். அந்தக் கோடுகளை உளியால் பள்ளமாக்கி, வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ பதித்துத் தட்டுவார்கள். கடைசியில் கலத்தை இளஞ்சூடாக்கி, பீதர் கோட்டையின் பழஞ்சுவர் மண்ணையும் நவச்சாரத்தையும் குழைத்துப் பூசித் தேய்ப்பார்கள். துத்தநாகம் நிலையாகக் கறுத்துவிடும், வெள்ளி கறுக்காது. பிதரியின் அழகெல்லாம் இந்தக் கறுப்பில்தான் இருக்கிறது. விற்பனைக்காகப் பளபளப்பாக்கும்போது முதலில் போவதும் இதுதான். உளித்தடம், பழைய பழுதுபார்ப்பு, கைபட்டுத் தேய்ந்த இடம் எல்லாம் அதனோடு போய்விடும். ஏட்டின் முதல் தாளைக் கிழிப்பதற்கு நிகர் அது.

சிதறலும் சேர்ப்பும்

மூன்றாம் சாலார்ஜங் மீர் யூசுப் அலி கான் (1889–1949) நிஜாமின் திவானாக 1912 முதல் 1914 வரை இருந்தார். பின் வாழ்நாள் முழுதும் சேகரிப்புக்கே கொடுத்தார். மணம் செய்துகொள்ளாத அவர் 1949 மார்ச்சில் மறைந்தபோது, திவான் தேவடி மாளிகை நிறையப் பொருள் இருந்தது. ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சொல்லும் வாய் இல்லை. ஐதராபாத்தின் தலைமைக் குடிமை நிர்வாகி எம்.கே.வெல்லோடி, கலை விமர்சகர் ஜேம்ஸ் கசின்ஸை அழைத்து அவற்றை ஒழுங்குபடுத்தச் செய்தார். 1951 டிசம்பர் 16 அன்று நேரு அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். 1961-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. 1968-இல் மூசி ஆற்றங்கரையில் இன்றைய கட்டடத்துக்கு வந்தது.

1949-இல் ஜாகீர்தாரி (நிலமானிய) முறை ஒழிந்து பிரபுக் குடும்பங்களின் வருவாய் நின்றது. வீட்டுப் பொருள்கள் விலைக்கு வந்தன. விற்பவர் மானம் கருதித் தம் பெயரைச் சொல்லமாட்டார். மூலத்தைக் காக்க விரும்பும் தரகரும் சொல்லமாட்டார். ஓவியர்களான ஜகதீஷ் மித்தலும் கமலா மித்தலும் ஐதராபாத்தில் குடியேறியது இக்காலத்தை ஒட்டித்தான். அவர்களிடம் திவானின் செல்வம் இல்லை. தேர்ந்த கண் இருந்தது. 1976-இல் தம் சேகரத்தை அறக்கட்டளையாக்கி, பிதரிக் கலங்களுக்கெனத் தனிப் பட்டியல் நூலே வெளிவர வழிசெய்தார்கள். சேகரிப்பு ஆய்வாக மாறுவது இந்தப் படியில்தான்.

மாறான வழி எங்கே கொண்டுவிடும் என்பதற்குப் பாரிஸ் வணிகர் ஜார்ஜ் தெமோத் எடுத்துக்காட்டு. பதினான்காம் நூற்றாண்டுப் 'பெரிய மங்கோலிய ஷாநாமா' என்னும் பாரசீகக் காவிய ஏட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் தாள்தாளாகப் பிரித்து விற்றார். இருபுறமும் ஓவியம் இருந்த தாள்களை இரண்டாக உரித்தார். ஓவியங்கள் இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் பத்திரமாக உள்ளன. ஏடு இல்லை.

சட்டமும் ஒரு மறுப்பும்

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம், நூறாண்டு கடந்த கலைப்பொருளையும் எழுபத்தைந்தாண்டு கடந்த மதிப்புள்ள கையெழுத்து ஏட்டையும் தொல்பொருள் என்கிறது. தனியார் ஏற்றுமதியைத் தடுக்கிறது. ஏடு நாட்டை விட்டுப் போகாமல் காக்க இது உதவும். நாட்டுக்குள்ளேயே அதன் நினைவு போகாமல் காக்க இது போதாது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. மூன்றாம் சாலார்ஜங் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தால் பாதிப் பொருள் உருக்கும் உலைக்குப் போயிருக்கும். அவர் வாங்கியதால்தானே மிஞ்சியது என்பர். இதில் உண்மை உண்டு. அந்தக் கடனை நாம் மறக்கக் கூடாது. ஆனால் வாங்கும் வேகமும் எழுதி வைக்கும் பழக்கமும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஊர் ஊராக அலைந்த சாமிநாதையரிடம் இரண்டும் இருந்தன. அருங்காட்சியகங்கள் இன்றும் செய்யக்கூடியவை உள்ளன. ஏடுகளை மின்படியாக்கும்போது முத்திரைத் தாள்களை விடாமல் எடுக்கலாம். பிதரியைத் துலக்குமுன் இருந்த நிலையைப் பதியலாம். பெயர்ப்பலகையில் 'பொறிப்பால் தெரிவது', 'ஆவணத்தால் தெரிவது', 'வழக்காகச் சொல்லப்படுவது' என மூன்றையும் பிரித்தே எழுதலாம்.

இது ஐதராபாத்தோடு முடிகிற செய்தியன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளின் தூணும் பித்தளைப் பாத்திரமும் இன்றும் விலைக்கு நிற்கின்றன. பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் வழக்கம். முகலாயர் ஏட்டின் முதல் தாளில் முத்திரையிட்டதும், நம் வீடுகளில் குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டியதும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். அந்தக் குடத்தை வாங்குகிறவர் அதற்குப் பாலிஷ் போடச் சொல்லுமுன், வெட்டிய பெயரைப் படித்து, எந்த ஊர், எந்த வீடு என்று கடைக்காரரைக் கேட்டு, ஒரு தாளில் எழுதிக் குடத்துக்குள் போட்டு வைக்கட்டும்.