சீனிக்கிழங்கு வந்த வழி

தைப்பொங்கல் நெருங்கும் நாள்களில் விருதுநகர், சாத்தூர், சிவகாசிக் கடைவீதிகளில் கிழங்குகள் குவிந்து கிடக்கக் காண்கிறோம். பனங்கிழங்கு, சேனை, சேம்பு, சிறுகிழங்கு ஆகியவற்றோடு செந்தோல் போர்த்த சீனிக்கிழங்கும் அங்கே இருக்கும். பிற ஊரார் அதனைச் சர்க்கரைவள்ளி என்பர். அவித்துத் தோலுரித்துப் பிள்ளைகளின் கையில் கொடுக்கும்போது, இத்துணை எளிய உணவுக்கும் ஒரு வரலாறு உண்டென்று நாம் எண்ணுவதில்லை.

'வள்ளி' என்னும் பெயர் நம் மண்ணில் மிகப் பழையது. பாரியின் பறம்பு மலையில் ஏர் பூட்டாமலே கிடைக்கும் உணவுகள் நான்கினைப் புறநானூற்றில் எண்ணிக் காட்டும் கபிலர், மூங்கிலரிசி, பலா, தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கையும் சேர்க்கிறார். ஆயினும் அவர் கண்ட வள்ளி வேறு. அது நம் மலைக்காட்டுக் கொடியின் கிழங்கு. சீனிக்கிழங்கோ அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. கடல் கடந்து வந்த விருந்தாளிக்குப் பழைய உறவின் பெயரைச் சூட்டி, நம் முன்னோர் அதனை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டனர்.

1492ஆம் ஆண்டு கொலம்பஸ் கரிபியன் தீவுகளை அடைந்தபோது, அங்கு வாழ்ந்த தாய்னோ மக்கள் மண்ணை மேடுகளாகக் குவித்து, மரவள்ளியையும் சீனிக்கிழங்கையும் பயிரிட்டு வந்தனர். மேட்டு மண்ணில் நீர் தேங்காது, கிழங்கு அழுகாது, தோண்டுவதும் எளிது. அவர்கள் அதனைப் 'பட்டாட்டா' என்றழைத்தனர். அப்பெயரோடு அது ஸ்பானியர் கப்பலேறி ஐரோப்பா சென்றது. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வழியே இந்தியாவுக்கும் வந்தது. ஈழத்தமிழர் வழங்கும் 'வற்றாளை' என்னும் சொல்லில் அப்பெயரின் எதிரொலியை இன்றும் கேட்கலாம்.

கிழங்கு வாழ்ந்தது, அதனைப் பயிரிட்டவர் வாழவில்லை. பொன் தேடிய ஸ்பானியரின் கட்டாய வேலையாலும், அவர்களோடு வந்த அம்மை முதலிய நோய்களாலும் தாய்னோ மக்களில் மிகப் பெரும்பாலோர் சில பத்தாண்டுகளிலேயே மடிந்தனர். 1511ஆம் ஆண்டுத் திருவருகைக் கால ஞாயிறொன்றில், சாந்தோ தொமிங்கோ ஆலயத்தில் அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்னும் தொமினிக்கன் சபைத் துறவி, இவர்களும் மனிதர் அல்லரோ என்று தம் நாட்டு ஆதிக்கத்தாரை முகத்துக்கு நேரே கேட்டார். அம்மறையுரையை நமக்காகப் பதிந்து வைத்தவர் பர்த்தலோமே தே லாஸ் காசாஸ். கேள்வி நிலைத்தது, கொடுமையோ நிற்கவில்லை.

வெறுமையான தீவுகளுக்கு ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். இன்றைய கரிபியன் சமையல் பெரிதும் அவர்கள் கையில் உருவானதே. ஜமைக்காவில் சீனிக்கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால், லவங்கப்பட்டை, சாதிக்காய் சேர்த்து, அடியில் நெருப்பும் மூடியின்மேல் தணலும் இட்டுப் பணியாரம்போல் வேகவைப்பர். ஹெய்ட்டியிலும் வாழைப்பழம் கலந்து இத்தகைய பண்டம் செய்வர். கிழங்கு அங்கிருந்து நம்மிடம் வந்தது. தேங்காயும் பட்டையும் நம் பக்கத்துக் கடல்களிலிருந்து அங்கே சென்றன.

அடிமை முறை ஒழிந்தபின், 1853இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854இல் குவாதலூப் தீவுக்கும் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழரும் கப்பலேறத் தொடங்கினர். அவர்கள் பெற்ற கூலி சிறிது; பட்ட பாடு பெரிது. அவர்கள் கொண்டுசென்ற குழம்பு அங்கே 'கொலம்போ' என்னும் பெயரில் இன்றும் கொதிக்கிறது.

சிவகாசியில் செய்த பட்டாசைத் தொலைதூர நகரங்களில் கொளுத்தி மகிழ்வோர், வெடிமருந்து படிந்த கைகளை நினைப்பதில்லை என்று நாம் வருந்துகிறோம். விபத்துச் செய்தி வரும் நாளில் மட்டுமே அக்கைகள் உலகின் கண்ணுக்குத் தெரிகின்றன. அவ்வருத்தம் நியாயமானதே. ஆனால் நாமும் அப்படித்தானே ஒரு கிழங்கைத் தின்று வந்திருக்கிறோம்?

உணவுக்கு முன் நன்றி கூறும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்நன்றியில், மேடு கட்டிப் பயிர் செய்த தாய்னோ உழவரையும், அடுப்பருகே வெந்த அடிமைப் பெண்ணையும், திரும்பி வராத தமிழ்க் கூலியையும் சேர்த்துக்கொள்வோம். வரும் பொங்கலில் பிள்ளையின் கையில் கிழங்கைக் கொடுக்கும்போது, அது வந்த வழியையும் சொல்லிக் கொடுப்போம்.