பழைய வால்வு ஆம்பின் நாதம்: சிதைவு, அமைப்பு, விருப்பம்

முன்னுரை

"ஆம்ப் முன்போல் பாடவில்லை." பழைய வால்வு ஆம்ப் வைத்திருக்கும் கிட்டார் கலைஞர் பழுதுபார்ப்பவரிடம் சொல்லும் குறை பெரும்பாலும் இந்த ஒரு வரிதான். அதற்குள் மூன்று வேறு நிலைகள் கலந்து கிடக்கின்றன. உறுப்புகள் மூப்படைந்து ஒலி கெட்டிருக்கலாம். உறுப்புகள் நன்றாக இருந்தும், வடிவமைத்தவர் வகுத்த மின்னழுத்த நிலையிலிருந்து கருவி விலகி ஓடலாம். இரண்டும் சரியாக இருந்தும், வாசிப்பவரின் காது வேறோர் ஒலியைத் தேடலாம். இவற்றை முறையே சிதைவு, அமைப்பு, விருப்பம் எனப் பிரித்து, இதே வரிசையில்தான் கையாள வேண்டும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. நாதம் என இங்கே குறிக்கப்படுவது ஒலியின் நிறத்தோடு, விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் தரும் பதிலும் சேர்ந்தது.

1. ஆய்வுப் பொருள்

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது ஃபெண்டர் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய டீலக்ஸ் ரிவெர்ப். ஏபி763 என்ற சுற்றில் அமைந்த இது ஏறத்தாழ 22 வாட் தரும். வெளியீட்டுக்கு இரண்டு 6வி6ஜிடி, ரெக்டிஃபயராக ஒரு ஜிஇசட்34, முன்நிலைகளில் நான்கு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7 என மொத்தம் ஒன்பது வால்வுகள். ஸ்பீக்கர் ஒன்றுதான்: 12 அங்குலம், 8 ஓம்.

1965 ஜனவரியில் ஃபெண்டர் சிபிஎஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. சில ஆண்டுகளில் ஆம்பின் கறுப்பு முகப்பு வெள்ளி நிறமானது. முகப்பின் நிறத்தை வைத்து நாதத்தை மதிப்பிடும் வழக்கம் சந்தையில் உண்டு. ஆனால் வெள்ளி முகப்பு டீலக்ஸ் ரிவெர்ப்கள் பலவற்றின் உள்ளே இருப்பது பெரிதும் அதே ஏபி763தான். விலையை முகப்பு முடிவு செய்யலாம். நோயைச் சுற்றில்தான் தேட வேண்டும்.

2. சிதைவு

2.1 உயிர்க்காப்பு

முதல் வேலை நாதத்தைப் பற்றியதே அன்று. அந்தக் கால ஆம்ப்களில் மின்கம்பி இருமுனை கொண்டது, தரையிணைப்பு இல்லை. மின்வழிக்கும் சேஸிஸுக்கும் இடையே 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். அது உள்ளே குறுக்கிணைந்தால் மின்வழியின் அழுத்தம் சேஸிஸ் வழியாகக் கிட்டார் கம்பிக்கே வந்து சேரும். இதனால்தான் தொழிலில் இருப்போர் அதை எமன் மின்தேக்கி என்ற பொருளில் ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு, மும்முனைக் கம்பி போட்டு, சேஸிஸைத் தரையோடு இணைக்க வேண்டும்.

ஆம்பின் உள்ளே சுமார் 415 வோல்ட் நேர்மின்சாரம் ஓடுகிறது. சுவிட்சை அணைத்த பின்னும் வடிகட்டி மின்தேக்கிகள் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். 10 கிலோஓம், 5 வாட் மின்தடை ஒன்றின் வழியே அதை இறக்கி, மீட்டரில் அழுத்தம் இல்லை என்று பார்த்த பிறகே கை வைக்கலாம். இதில் பழக்கம் இல்லாதவர் பின்வரும் பகுதிகளைப் படிக்கலாம். வேலையைத் தேர்ந்தவரிடம் விடுவதே முறை.

2.2 வடிகட்டி மின்தேக்கிகள்

டீலக்ஸ் ரிவெர்ப்பில் 16 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் ஐந்து, சேஸிஸின் மேல் ஒரு தகர மூடிக்குள் இருக்கின்றன. இவற்றின் உள்ளிருக்கும் ஈரப்பசை ஆண்டுகள் செல்லச் செல்ல உலரும். அப்போது தாழ்சுருதி தளர்கிறது, வாசிக்கும் சுரத்தோடு பேய்ச்சுரம் ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது, ஹம் கூடுகிறது. ஹம்மின் சுருதியே நோயைக் காட்டிக்கொடுக்கும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலை ரெக்டிஃபயருக்குப் பின் எழும் ஹம் 120 ஹெர்ட்ஸ். நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸில் அது 100. இந்தச் சுருதி கேட்டால் முதலில் வடிகட்டியைச் சந்தேகிக்கலாம். மின்வழியின் அதே அதிர்வெண்ணில் கேட்டால் வால்வின் இழைச்சுற்றையோ தரையிணைப்பையோ பார்க்க வேண்டும்.

மாற்றும்போது "பெரிதாகப் போட்டால் நல்லது" என்ற நினைப்பு வேண்டாம். ஜிஇசட்34 தாங்கும் முதல் மின்தேக்கியின் உச்ச அளவு 60 மைக்ரோஃபாரட். அதற்கு உட்பட்டே கூட்டினாலும், பலமாக அடிக்கும்போது மின்னழுத்தம் சற்றே இறங்கி ஏறும் நெகிழ்வு குறையும். விரல் உணரும் மென்மை பெருமளவு அந்த நெகிழ்வில்தான் இருக்கிறது.

2.3 இணைப்பு மின்தேக்கிகளும் மின்தடைகளும்

ஒரு வால்விலிருந்து அடுத்ததற்கு ஒலிக்குறியை மட்டும் கடத்தி நேர்மின்சாரத்தைத் தடுப்பது இணைப்பு மின்தேக்கியின் வேலை. அது கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட் நேர்மின்னேற்றம் கொள்ளும். வெளியீட்டு நிலையில் இது நேர்ந்தால் 6வி6ஜிடியின் பிளேட் சிவந்து வால்வு கெடும். கசிகிறதா என்பதை மீட்டர் சொல்லிவிடும். கசியாததைப் பழையது என்பதற்காகவே பிடுங்குவது அறியாமை. கரிக்கலவை மின்தடைகளுக்கும் இதுவே விதி. அவை மதிப்பு ஏறும், பொரியும். பிளேட்டுக்குச் செல்லும் 100 கிலோஓம் மின்தடைதான் பொரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணம். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.

3. அமைப்பு

3.1 பயாஸ்

வெளியீட்டு வால்வுகள் சும்மா இருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் எடுக்க வேண்டும் என்பதை பயாஸ் முடிவு செய்கிறது. மின்னோட்டம் மிகக் குறைந்தால் ஒலி மெலிந்து கரகரக்கும். மிகுந்தால் வால்வு வெந்துபோகும். 6வி6ஜிடியின் பிளேட் பழைய அளவுகோலில் 12 வாட், பிந்தைய அளவுகோலில் 14 வாட் வெப்பம் தாங்கும். அதில் 70 விழுக்காட்டைத் தாண்டாமல் வைப்பது தொழில் வழக்கு. 12 வாட்டில் 70 விழுக்காடு 8.4 வாட். அதை 415 வோல்ட்டால் வகுத்தால் ஒரு வால்வுக்கு ஏறத்தாழ 20 மில்லிஆம்பியர். 14 வாட்டைக் கொண்டால் சுமார் 23.6. நல்ல நாதம் இந்தச் சிறு இடைவெளியில் எங்கே இருக்கிறது என்பதைக் காது முடிவு செய்யட்டும். எல்லையை மீட்டர் முடிவு செய்யட்டும்.

3.2 மின்வழியின் அழுத்தம்

ஆம்ப் 117 வோல்ட்டுக்கு வகுக்கப்பட்டது. இன்றைய அமெரிக்கச் சுவரில் 120க்கு மேலும் வருவதுண்டு. 123 வோல்ட் வந்தால் உள்ளே எல்லா அழுத்தமும் 5 விழுக்காடு ஏறும். 415 என்பது 436 ஆகும். 6வி6ஜிடிக்குத் தரவுத்தாள் வகுத்த பிளேட் அழுத்தம் 315 வோல்ட்தான். வடிவமைப்பே அதைத் துணிந்து மீறிய நிலையில், அதற்கும் மேல் ஏற்றுவது முறையன்று. இங்கே கொண்டுவந்து வாசிப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 230 வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அழுத்தத்தைத்தான் மாற்றும். 50 ஹெர்ட்ஸ் 50 ஆகவே இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்கென்றே சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் அதில் கூடுதலாகச் சூடேறும்.

4. விருப்பம்

4.1 ஸ்பீக்கர்

சுற்றைத் தொடுமுன் ஸ்பீக்கரை மாற்றிக் கேட்க வேண்டும். நாதத்தில் ஒற்றை உறுப்பு செய்யக்கூடிய பெரிய மாற்றம் இதுவே. பழையதை எடுத்து வைத்தால் இழப்பும் இல்லை. உணர்திறன் 3 டெசிபெல் கூடிய ஸ்பீக்கர் 22 வாட் ஆம்பை 44 வாட் போல ஒலிக்கச் செய்யும். ஆம்ப் சீக்கிரம் பிளிறுகிறது என்போருக்கு இதுவே மருந்து. வீட்டில் தாழ்ந்த ஒலியில் அந்தப் பிளிறலையே விரும்புவோர் உணர்திறன் குறைந்ததைத் தேட வேண்டும்.

4.2 சுற்றில் மூன்று சிறு மாற்றங்கள்

முதலாவது, வைப்ரேட்டோ பக்கத்து வால்யூம் கட்டுப்பாட்டின் குறுக்கே உள்ள 47 பிக்கோஃபாரட் மின்தேக்கி. வால்யூம் தாழ்ந்திருக்கையில் உச்சசுருதியை மட்டும் தாண்டவிடுவது இது. கூர்மை காதைக் குத்தினால் அதன் ஒரு காலை மட்டும் கழற்றலாம்.

இரண்டாவது, முதல் நிலையின் கேத்தோடில் உள்ள 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. கணக்கிட்டால் அது சுமார் 8 ஹெர்ட்ஸ் வரை முழுப் பெருக்கம் தருகிறது. கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பியோ 82 ஹெர்ட்ஸ். அங்கே 2.2 மைக்ரோஃபாரட் வைத்தால் எல்லை 90 ஹெர்ட்ஸை ஒட்டி வரும். கொழகொழத்த அடிச்சுருதி இறுகும்.

மூன்றாவது, நடுச்சுருதியைத் தீர்மானிக்கும் 6.8 கிலோஓம் மின்தடை. இந்த ஆம்பில் நடுச்சுருதிக்குத் தனிக் குமிழ் இல்லை. அந்த மின்தடை நிலையாக வைத்த ஒரு குமிழ்தான். மதிப்பைக் கூட்டினால் பள்ளம் நிரம்பி, குழுவோடு வாசிக்கையில் கிட்டார் முன்னே வரும்.

4.3 முறை

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். மாற்றத்துக்கு முன் படம். எடுத்த உறுப்பு ஓர் உறையில், ஆம்பின் பெட்டிக்குள்ளேயே. இரண்டை ஒன்றாக மாற்றியவருக்கு எது வேலை செய்தது என்பது கடைசிவரை தெரியாது.

முடிவுரை

மேலே கண்ட வரிசையில் ஒரு நன்மை உண்டு. சிதைவை நீக்கி அமைப்பை மீட்டதும், முன்பு விருப்பம் என்று எண்ணிய குறைகளில் பல தாமே மறைந்துவிடுகின்றன. உலர்ந்த வடிகட்டியால் தளர்ந்த அடிச்சுருதியை, கேத்தோடு மின்தேக்கியைக் குறைத்து இறுக்கியவர், பிறகு வடிகட்டியை மாற்றும்போது ஒல்லியான ஒலியோடு நிற்பார். அவர் திருத்தியது ஆம்பை அன்று, நோயின் நிழலை. எனவே மேம்பாட்டின் பெரும்பகுதி மீட்பே. அதன் பிறகும் காது ஒன்றைக் கேட்டால், அது உண்மையான விருப்பம். அதற்கு ஒரு காலைக் கழற்றிய மின்தேக்கியே போதுமானதாக இருக்கலாம்.