கரைசலும் குருதியும்: படுக்கையருகே செய்யும் சர்க்கரைச் சோதனையின் தரக் கண்காணிப்பு

வார்டில் விரல் நுனியைக் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் சில நொடிகளில் ஓர் எண்ணாகிறது; அந்த எண்ணைப் பார்த்தே இன்சுலின் அளவு முடிவாகிறது. அதைத் தரும் குளுக்கோமீட்டரைச் சரிபார்க்க உள்ள வழக்கமான வழி கட்டுப்பாட்டுக் கரைசல். சர்க்கரை அளவு முன்பே தெரிந்த அத்திரவத்தை ஸ்ட்ரிப்பில் விட்டு, வரும் எண் அச்சிட்ட எல்லைக்குள் இருந்தால் கருவி சரியென்று பதிவேட்டில் குறிக்கிறார்கள். கோவில்பட்டியின் சித்திரை வெயிலில் 30 டிகிரியைத் தாண்டிய அறையில் கிடந்து கெட்ட ஸ்ட்ரிப்பை இச்சோதனை பிடித்துவிடும். அதனால் அதைக் கைவிடக் கூடாது. ஆனால் கருவி கெடவில்லை என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிப்பதில்லை. நோயாளியின் எண் மெய்யா என்பது வேறு கேள்வி. கோவில்பட்டி அடங்கிய கரிசல் வட்டாரத்தில் அதைக் கேட்டே ஆகவேண்டும்.

காரணம் இரத்தசோகை. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு அது உண்டு. சிவப்பணு குறைந்த இரத்தத்தில் பிளாஸ்மாவின் பங்கு கூடுகிறது. சர்க்கரை ஸ்ட்ரிப்பின் வேதிப்பொருளைத் தடையின்றி எட்டுகிறது. கருவி உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது. வழக்கமான கட்டுப்பாட்டுக் கரைசலில் சிவப்பணுவே கிடையாது என்பதால் இந்தப் பிழை அதில் தெரியாது. 2013ஆம் ஆண்டின் ஐஎஸ்ஓ 15197 தரவிதி, டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே 15 மில்லிகிராம் விலகலை ஏற்கிறது. ஆகவே, உண்மையில் 62 உள்ளவருக்கு 77 காட்டினாலும் விதிமீறல் இல்லை. இரத்தசோகை அதன்மேல் இன்னும் பத்தைக் கூட்டினால், தாழ்சர்க்கரையில் தவிப்பவர் நலமானவராகப் பதிவாவார். 70க்குக் கீழே போனால் குளுக்கோஸ் கொடுக்கும் நெறி வார்டில் இருந்தும் அவருக்கு உதவாது. கர்ப்பிணிக்கோ தீங்கு வேறு விதம். 75 கிராம் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேரத்தில் 140ஐ எட்டினால் கர்ப்பகால நீரிழிவு என்பது நம் நாட்டு வழிகாட்டுதல். சோதனைக்குக் குளுக்கோமீட்டரையும் அது ஏற்கிறது. சோகை கூட்டிய சில மில்லிகிராம், இல்லாத நோயை அவர் தலையில் கட்டிவிடும். விரலில் ஒட்டிய இனிப்பும் எண்ணை மேலே தள்ளும். பழம் உரித்த விரலை ஆல்கஹால் பஞ்சால் துடைத்தாலும் பிழை நீங்காமல் போவதையும், தண்ணீரில் கழுவினால் நீங்குவதையும் 2011இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்று காட்டியது. கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டியில் இதை நினைவில் வைப்பது நல்லது.

புதிய கருவிகள் சிவப்பணு அளவைக் கணக்கில் எடுத்துத் திருத்திக்கொள்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அத்திருத்தம் ஓர் எல்லைக்குள்தான் செல்லும், எல்லையும் கருவிக்குக் கருவி மாறும். அதை ஸ்ட்ரிப் பெட்டியோடு வரும் துண்டுச்சீட்டில் படித்துப் பார்த்தே கொள்முதல் செய்ய வேண்டும். ஆய்வகத்தோடு ஒப்பிட்டால் போதாதா என்பது வலுவான மறுப்பு. ஒப்பீடு தேவையே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பல காலமாக நடத்திவரும் வெளிப்புறத் தர மதிப்பீடு போன்றவற்றில் ஆய்வகமும் சேர்ந்திருந்தால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பு கூடும். ஆனால் பிரிக்காமல் வைத்த இரத்தத்தில் அணுக்கள் மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரையைத் தின்றுவிடும். தாமதமாகப் போன குழாயை வைத்துக் கருவியைக் குறைகூறுவது நியாயமாகாது. செவிலியர் பணிச்சுமை என்னும் மறுப்பை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். அதனால்தான் புதிய பதிவேடு கேட்கவில்லை. சர்க்கரை அட்டையில் ஹீமோகுளோபின் அளவுக்கு ஒரு கட்டம் சேருங்கள். இன்சுலின் பெறும் கடும் சோகையுள்ளவருக்குக் கருவி 90க்குக் கீழே காட்டினால், அந்த எண்ணை நம்பாமல் இரத்தத்தை உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.