தில்லிப் பேருந்துகளும் புகைக்கரியும்

எம்.சி. மேத்தா வழக்கில் 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது: தில்லிப் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி. எனும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும். கந்தகம் குறைந்த டீசலே போதும் என்றனர் எதிர்த்தோர். அரசு உமிழ்வு வரம்பை விதிக்கட்டும், எரிபொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றது மஷேல்கர் குழு. கொள்கையளவில் அது நேரிய வாதமே.

ஆனால் புகைக்கரியின் பிறப்பிடம் கந்தகம் அன்று. கந்தகத்தைக் குறைத்தால் சல்பேட் துகள் குறையும், வடிகட்டிகள் பழுதின்றி இயங்கும், கரி நின்றுவிடாது. டீசல் எஞ்சினில் எரிபொருளும் காற்றும் பெரும்பாலும் எரியும்போதே கலக்கின்றன. அந்த விரவல் சுடரில், காற்று எட்டாத உட்பகுதியில், அரோமேட்டிக் வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்து கரித்துகளாகத் திரள்கின்றன. மீத்தேனிலோ கரிமங்களுக்கிடையே பிணைப்பே இல்லை. முதல் வளையமே அரிதாகத்தான் உருவாகும். மேலும், சி.என்.ஜி. எஞ்சினில் வாயு காற்றோடு முன்பே கலந்துவிடுகிறது. தில்லி எரிபொருளோடு சுடரின் வகையையும் சேர்த்தே மாற்றியது. அக்காலத்து விவாதங்களில் இது உரிய கவனம் பெறவில்லை.

நீதிமன்றம் கண்ட காரணங்களுள் ஒன்று எளியது: டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதுபோல் இதில் கலப்படம் செய்வது எளிதன்று. 2002 ஏப்ரல் 5 அன்று, மாறாத பேருந்துகளுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பருக்குள் நகரப் பேருந்துகளில் டீசல் ஒழிந்தது.